கடைசிக் கட்டிலைப் பார்த்தீர்களா?

பெற்றோருக்கு இல்லம் தேடி உடப்புசல்லாவையிலிருந்து பஸ் ஏறும் பிள்ளைகள் எதைக் கேட்க வேண்டும், எங்கே குனிந்து பார்க்க வேண்டும்

தோட்டத்தில் பிறக்கிற குழந்தைக்கென்று ஒரு கட்டடம் இருக்கிறது. பிள்ளை மடுவம். தாய் மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்தால்தான் தோட்டத்துக்கு வருமானம் என்பதால் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே அது எழும்பிவிட்டது. இன்று அதன் வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப் பலகை தொங்குகிறது. அதே தாய் முப்பத்தைந்து வருடம் பேர் போட்டு, முட்டி தேய்ந்து, ஒருநாள் இஸ்தோப்பில் வழுக்கி விழுந்து படுத்த பிறகு, அவளைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் எந்த மடுவமும் இல்லை. வேலை செய்கிறவளின் பிள்ளையைப் பார்க்க ஆள் போட்ட நிர்வாகங்கள், வேலை முடிந்தவளைப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிடம் விட்டுவிட்டன.

காம்பராவில் யார் இருக்கிறார்கள்? உடப்புசல்லாவை, இராகலை, ஹைபொரஸ்ட் பக்கத்து லயங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் கார்மென்ட்ஸில் இருக்கிறாள் அல்லது மத்திய கிழக்கில் ஒரு வீட்டில் இன்னொருவரின் வயதான தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் மிஞ்சுவது பாட்டியும் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையும். ஒத்தாசைக்கு வரக்கூடிய தம்பி, தங்கச்சி குடும்பங்களை 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எப்போதோ கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பிவிட்டது. நாடு முழுவதுமே முதிர்ந்துகொண்டுதான் வருகிறது. 65 வயதைக் கடந்தவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 7.9 பேர், 2024 கணக்கெடுப்பில் 12.6. ஆனால் கொழும்பில் ஒருவர் படுத்துவிட்டால் கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருப்பார். இங்கே லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே கதிரையில் வைத்து நான்கு பேர் தூக்க வேண்டும்.

ஆகவே இல்லம் தேட வேண்டி வருகிறது. பெரும்பாலும் அது நிதானமாக நடக்கிற தேடல் அல்ல. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் இடுப்பெலும்பு முறிவுக்கோ பாரிசவாதத்துக்கோ சேர்த்த அம்மாவுக்கு டிக்கட் வெட்டிவிடுகிறார்கள். கொழும்பிலிருந்து வந்த மகனுக்கு இரண்டு நாள் லீவு. வார்டில் நிற்கும் அட்டெண்டன்ட் ஒருவர் ஒரு போன் நம்பர் தருகிறார். அன்று மாலையே வேன் பிடித்துக் கொண்டுபோய் விட்டாயிற்று. தேயிலைக் கன்று வாங்குகிற சின்னத் தோட்டக்காரர்கூட அதைவிட அதிகமாக விசாரிப்பார்.

அவசரம் பாதிக் காரணம், மறு பாதி வெட்கம். "பெத்தவள ஹோம்ல போட்டுட்டான்" என்று லயத்தில் பேசுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தோடு போகிறவன் கேள்வி கேட்க மாட்டான். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, காசைக் கட்டி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவான். மோசமாக நடத்தப்படும் இல்லங்களுக்கு இந்த வெட்கத்தைப் போலப் பாதுகாப்பு வேறில்லை. வெட்கப்படுகிற குடும்பம் திரும்பி வந்து பார்க்காது, பார்த்தாலும் வெளியே சொல்லாது.

சுவரில் தொங்கும் காகிதம்

முதலில் காகிதத்தைப் பார்த்துவிடலாம், அது சீக்கிரம் முடிகிற வேலை. இலங்கையில் வயதானவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் இடங்கள் இரண்டு வகை, இரண்டுக்கும் பதிவும் வேறு. முதியோர் இல்லம் என்றால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்க வேண்டும். அதைப் பார்ப்பது முதியோருக்கான தேசிய செயலகம். ட்ரிப் ஏற்றுவது, சத்திரசிகிச்சைக்குப் பின் பராமரிப்பது என்று வைத்திய வேலை செய்கிற நர்சிங் ஹோம் என்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையின் பதிவு. அதை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். "நாங்க எல்லாம் செய்வோம்" என்று சொல்லும் இடத்தில் எந்தக் காகிதம் தொங்குகிறது, எந்த வருடத்தது என்று பாருங்கள். முதியோர் இல்லப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் போட்ட நோயாளிகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தால், குழாயை மாற்றுவது யார், அவர் எங்கே படித்தவர் என்று கேட்பதில் தப்பே இல்லை.

பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார். அஸ்வெசும படிவத்துக்கு மட்டும் போகிற அந்த அலுவலகத்தில், இந்த இல்லத்தைப் பற்றி முறைப்பாடு ஏதும் வந்ததா என்றும் கேட்கலாம். பலர் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு ஒவ்வொரு இல்லத்தையும் பரிசோதித்து நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறது. யாரும் வீட்டிலிருந்தே அந்த அறிக்கையைப் படிக்கலாம். இலங்கையில் பொதுமக்கள் பார்க்கும்படியான அப்படியொரு தரப்பட்டியல் இல்லை. இருந்திருந்தாலும் முழுக்க நம்பியிருக்க முடியாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டமும் அனுமதிப்பத்திரமும் பரிசோதகர்களும் இருந்தார்கள். 2020 கொவிட் காலத்தில் ஆட்பற்றாக்குறையால் ஐந்து இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். அவற்றில் இரண்டு, நம்மவர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவிலும் பிக்கரிங்கிலும் இருந்தவை. அந்த ஆண்டு மே மாதம் வெளியான இராணுவ அறிக்கையில் கரப்பான்பூச்சி இருந்தது, மாற்றப்படாத டயப்பர் இருந்தது, உதவிக்குக் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் யாரும் வராமல் கிடந்தவர்கள் இருந்தார்கள், படுத்தபடியே வாயில் திணித்ததால் புரையேறியவர்கள் இருந்தார்கள். அந்த மாகாணத்தின் 626 இல்லங்களில் முந்தைய வருடம் முழுமையான தரப் பரிசோதனை நடந்தது வெறும் ஒன்பதில் என்பதைச் செய்தியாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பணக்கார நாட்டிலேயே காகிதத்தின் லட்சணம் இது.

குதிகாலை அமுக்கிப் பாருங்கள்

இல்லத்துக்குப் போனால் முன்னறையில் உங்களை உட்கார வைப்பார்கள். பூச்சாடி இருக்கும், சாமிப்படமோ சுரூபமோ புத்தர் சிலையோ இருக்கும், பேப்பர் படிக்கிற ஒரு தாத்தா சிரிப்பார். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். எந்த இல்லத்திலும் நன்றாகத்தான் இருப்பார். அவருக்குக் கால் நடக்கிறது, வாய் பேசுகிறது. உங்கள் அம்மா போகப்போவது அவர் பக்கத்துக் கதிரைக்கு அல்ல. எழும்ப முடியாதவர்கள் படுத்திருக்கும் அறைக்குப் போக வேண்டும், அங்கேயும் வாசலுக்குத் தூரமான கடைசிக் கட்டிலுக்குப் போக வேண்டும். "அங்க இப்ப கழுவுறாங்க", "அவங்க தூங்குறாங்க" என்பார்கள். அது நியாயமான காரணமாகவும் இருக்கலாம். அடுத்தவரின் மானமும் முக்கியம். அப்படியானால் காத்திருந்து பாருங்கள். இரண்டாம் முறை போயும் அந்த அறையைக் காட்டவில்லை என்றால், வேறு இடம் தேடுங்கள்.

கடைசிக் கட்டிலில் படுத்திருப்பவரிடம் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, போர்வையின் கால்மாட்டைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். குதிகால். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவருக்குப் படுக்கைப் புண் முதலில் வரும் இடங்களில் ஒன்று அது. மற்றவை வால் எலும்பும் இடுப்பின் இரு பக்கமும். குதிகாலில் சிவந்து தெரிந்தால் விரலால் மெல்ல அமுக்கி எடுங்கள். அமுக்கும்போது சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்பினால் இரத்த ஓட்டம் இருக்கிறது. அமுக்கினாலும் மறையாத சிவப்பு புண்ணின் முதல் படி. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கல்லாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது வழமையான முறை. "மாத்துறோம், மாத்துறோம்" என்பார்கள். எழுதி வைக்கிற கொப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். கொப்பி இருந்தால் அதில் நேற்றிரவு இரண்டு மணிக்கு யார் கையெழுத்து என்று பாருங்கள். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்கும் எழுதியது கண்ணுக்குத் தெரியும்.

பிறகு நகம். வாயின் ஓரம். பல்செட் போட்டிருப்பவரின் பல்செட் எங்கே இருக்கிறது. மாதாமாதம் நிறை பார்க்கிறார்களா. தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டுகிறதா, ஜன்னல் படியில் அலங்காரமாக இருக்கிறதா. சோறு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்கிறார்களா, ஊட்டிய பிறகு அரை மணி நேரமாவது உட்கார விடுகிறார்களா. காலை பதினொரு மணிக்குப் போகிறீர்கள், அறையில் அத்தனை பேரும் வாய் திறந்து தூங்குகிறார்கள் என்றால் என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டே ஆக வேண்டும். கட்டில் சட்டத்தில் சேலைத் துண்டு முடிச்சுப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விழாமல் இருக்கத்தான் கட்டினோம் என்பார்கள். கட்டிவைத்த ஆள் இறங்கப் பார்த்து இன்னும் மோசமாக விழுகிறார்.

மூத்திர வாடை எந்த இல்லத்திலும் காலையில் கொஞ்சம் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மத்தியானமும் அதே இடத்தில் அதே வாடை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். டெட்டோல் வாடை மட்டும் தூக்கலாக அடிக்கிற இடத்தையும் நான் சந்தேகப்படுவேன்.

ராத்திரி பாட்டி தமிழில்தான் கூப்பிடுவாள்

எட்டு மணிக்குப் பிறகு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? முகாமையாளரிடம் ஒரு தடவையும், தேத்தண்ணி கொண்டுவருகிற பிள்ளையிடம் ஒரு தடவையும் இதைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நல்லது. இருபது பேருக்கு ஒரே ஆள், அவரும் சமையலறைப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர் என்றால், கழிவறைக்கு எழுந்து போகிற பாட்டி விழுந்து கிடப்பது விடிந்தபிறகுதான் தெரியும்.

அந்த ஆளுக்குத் தமிழ் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர்கள்தான். ஆனாலும் வெலிமடை, பண்டாரவளை, கண்டிப் பக்கத்தில் இடம் கிடைக்கும்போது பராமரிக்கிற பிள்ளைகள் சிங்களம் மட்டும் தெரிந்தவர்களாக இருக்கலாம். அவர்கள் நல்ல பிள்ளைகளாகவும் இருக்கலாம். பாட்டி கடைவீதிச் சிங்களம் பேசியவள்தானே, சமாளிப்பாள் என்று நினைப்போம். மறதி நோய் வந்தால் பின்னால் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் கழன்று போகிறது. நெஞ்சு படபடக்கிறது, தண்ணி தவிக்குது, ஒண்ணுக்கு வருது, கிறுகிறுன்னு வருது: இந்த நான்கும் விளங்காத ஆளிடம் நெஞ்சுவலிக்காரரை விட்டுவிட்டு வருவது ஆபத்து. தமிழ் தெரிந்த ஒருவராவது இரவில் இருப்பாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். எழுத மறுத்தாலும், கேட்டவர்களின் அம்மா என்று அவர்களுக்கு நினைவிருக்கும்.

சின்ன விஷயங்களும் இதோடு சேர்ந்தவை. ஐம்பது வருடம் வெற்றிலை போட்டவளுக்கு ஒரே நாளில் நிறுத்தச் சொல்வார்கள். சாப்பாட்டையும் சேர்த்து மறுப்பாள். ரொட்டியும் சம்பலும் கேட்டால் பாணும் ஜாமும் வரும். குந்தி உட்கார்ந்தே பழகியவள் மேற்கத்தியக் கழிவறையில் ஏறி உட்காரத் தெரியாமல் வழுக்குவாள். பக்கத்தில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா பாருங்கள். ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் குளிக்கச் சுடுதண்ணி கிடைக்கிறதா, எத்தனை கம்பளி தருகிறார்கள், மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். கரிப்புகையில் தூக்கத்திலேயே உயிர் போகும்.

மண் சரிந்தால் யார் தூக்குவது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது குருநாகல் மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்றுக்குள் வெள்ளம் புகுந்து பதினொரு பேர் இறந்தார்கள். படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி மேலே ஏற்றுவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், முன்பே யோசித்த வழி வேண்டும். நம் பக்கத்தில் வெள்ளத்தைவிட மண்ணுக்குப் பயப்பட வேண்டும். அதே புயலில் நுவரெலியா மாவட்டத்தில் மலை சரிந்து ஆட்கள் புதைந்தார்கள், ரோடுகள் அறுந்தன, கரண்ட் நாட்கணக்கில் இல்லாமல் போனது.

ஆகவே இல்லத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள். வெட்டிய மண்மேடு சுவரை ஒட்டி நிற்கிறதா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை அந்தக் காணிக்கு எடுத்திருக்கிறார்களா? படுத்திருப்பவர்களை மாடியில் வைத்திருக்கிறார்களா, கீழே வைத்திருக்கிறார்களா, மாடியென்றால் படி எவ்வளவு அகலம்? ஒட்சிசன் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா? இன்சுலினை எந்த ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள்? கந்தப்பளை ரோடு மூடினால் ஒரு வாரத்துக்கு மருந்து கையிருப்பில் இருக்குமா? இதையெல்லாம் கேட்டால் முகாமையாளர் சிரிக்கக்கூடும். குருநாகலுக்குப் பிறகு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

யார் காசு?

சட்டப்படி ஒரு தொழிலாளிக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு அது 661,500 ரூபாய். அதோடு சேமலாப நிதி. அந்தக் காசு வந்த அன்றே கடனுக்கும் கூரைக்கும் பேத்தியின் படிப்புக்கும் போய்விடுகிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு எழுபது வயதுக்கு மேற்பட்ட வறியவர்களுக்கு அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3,000த்திலிருந்து 5,000 ஆக்கினார்கள். ஐயாயிரத்துக்கு எந்த இல்லமும் ஆளை எடுக்காது. தேசிய அடையாள அட்டையில் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்று அலைகிற பழைய ஆட்களுக்கு அந்த ஐயாயிரமும் சுலபமாகக் கைக்கு வராது.

ஆக, செலுத்துவது பிள்ளைகள். அப்படியானால் பிள்ளைகள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது நல்லது: யார் எவ்வளவு, சவூதியிலிருக்கிற தங்கச்சி திரும்பி வந்தால் என்ன. இல்லத்திடம் கேட்க வேண்டியது மாதக் கட்டணம் மட்டுமல்ல. பெம்பர்ஸ் யார் வாங்குவது, கிளினிக்குக்கு வேன் காசு யார் கொடுப்பது, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூடநிற்க ஆள் அனுப்புவார்களா, அந்த நாட்களுக்குக் காசு கழிப்பார்களா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா. எல்லாவற்றுக்கும் ரசீது. ரசீது தராத இடத்தில், கையில் பணம் கொடுத்து வாங்குகிற அன்பும் நாளைக்குக் கணக்கில் வராது. பிள்ளைகள் கைவிட்டால் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பராமரிப்புப் பணம் கேட்கலாம் என்பதை ஓர் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன். நம் ஊர் அம்மாமார் பிள்ளைக்கு எதிராகக் கடதாசி போட மாட்டார்கள்.

இன்னொன்றையும் யோசிக்கலாம். இல்லத்துக்குப் போகிற எல்லாருக்கும் இல்லம் தேவைப்படுவதில்லை. சிலருக்குத் தேவை, காலையில் இரண்டு மணி நேரம் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, சாப்பிட வைக்க ஓர் ஆள். 1986இலிருந்து இயங்கும் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. அப்படிப் பயிற்சி பெற்ற பிள்ளை தோட்டத்துக்கு ஒருத்தி இருந்தால், அவளுக்குச் சம்பளமும் இருந்தால், பாதிப் பேர் நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டியிராது. பிள்ளைகள் குறைந்து பாதி காலியாகக் கிடக்கும் பிள்ளை மடுவத்தில் ஓர் அறையை வயதானவர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கம்பெனியிடம் கேட்க எந்தத் தொழிற்சங்கத்துக்கும் தடையில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கோரிக்கை ஒருமுறையாவது ஏறட்டும்.

முதல் மாதம்

சேர்த்த பிறகுதான் உண்மையான பரிசோதனை. முதல் மாதத்தில் சொல்லாமல் போங்கள். ஒருநாள் ஞாயிறு மத்தியானம், ஒருநாள் விடிந்தவுடன். தூரத்திலிருக்கிற பிள்ளைகளால் முடியாவிட்டால் நுவரெலியாவில் இருக்கிற உறவுக்காரரையோ பழைய லயத்து ஆட்களையோ போகச் சொல்லுங்கள். அடிக்கடி ஆள் வருகிற கட்டிலைத்தான் ஊழியர்கள் முதலில் கவனிக்கிறார்கள். வருத்தமான உண்மை, ஆனால் உண்மை. கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தை இல்லத்தில் கொடுத்தாலும். அம்மா அழுவாள், வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்வாள். அதை மட்டும் வைத்து இல்லம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது, அழவில்லை என்பதால் நல்லது என்றும் சொல்ல முடியாது. குதிகாலையும் நிறையையும் பாருங்கள்.

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் அம்மா பெயரில் கட்டி வரும் சந்தாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆள் தோட்டத்தில் இல்லையே என்று இரண்டு மாதம் விட்டால் சில சங்கங்கள் பெயரை வெட்டிவிடும். இல்லத்தில் இறந்தால் உடலை யாரிடம் ஒப்படைப்பார்கள், இரவானால் எங்கே வைப்பார்கள், உடப்புசல்லாவைக்குக் கொண்டுவர வேன் யார் பிடிப்பது என்பதைச் சேர்க்கிற அன்றே கேட்டு, பதிலை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.